முந்திக்கொண்ட கண்டனம்

இந்தக் கதையை என் சகலை முதல் தடவை சொன்னபோது நான் நம்பவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வீட்டு விசேஷங்களில், சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை பொழுதுபோக்காக, அவர் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்போதும் நம்பவில்லை. சகலை வெளியுறவு அமைச்சகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பொய் சொல்லத் தெரியாதவர் என்று சொல்ல மாட்டேன், உத்தியோகமே அதுதான். ஆனால் சம்பளமில்லாமல் பொய் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. என் சந்தேகம் வேறு. இந்தக் கதையில் ஓர் அரசாங்க அலுவலகம் ஓர் ஊரைக் காப்பாற்றுகிறது. வரி கட்டுகிற மனிதன் அதை எப்படி நம்புவான்? அவர் சொன்னபடியே சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

சகலை அப்போது அமைச்சகத்தின் மூன்றாவது மாடியில், கண்டனப் பிரிவின் அலுவலர். உலகத்தில் எங்கே யாரை யார் கொன்றாலும் நம் நாட்டின் சார்பில் நாலு வரி எழுதுவது அந்தப் பிரிவின் வேலை. எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. நம்மிடம் சரக்கு வாங்குகிற நாடு கொன்றால் ‘கவலை’. நமக்குச் சரக்கு விற்கிற நாடு கொன்றால் ‘இரு தரப்பும் நிதானம் காக்க வேண்டும்’. வாங்காமலும் விற்காமலும் இருக்கிற நாடு கொன்றால் மட்டுமே ‘வன்மையான கண்டனம்’. வியாபாரம் பெருகப் பெருக அப்படிப்பட்ட நாடுகள் குறைந்துகொண்டே வந்தன. அதில் சகலைக்கு உள்ளூர வருத்தம். கை நிறைய நல்ல வார்த்தைகளை வைத்துக்கொண்டு எழுத இடமில்லாமல் இருந்தார்.

அந்தச் சமயத்தில் தலைநகரங்களில் ஒரு புது மோகம் பரவியிருந்தது. யார் முதலில் கண்டிக்கிறார்கள் என்று பத்திரிகைகள் வரிசை போட ஆரம்பித்திருந்தன. முதலில் கண்டித்த நாட்டுக்கு மனசாட்சி அதிகம் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு தடவை நம் அமைச்சர் குளித்துவிட்டு வருவதற்குள் வரைபடத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய ஒரு தீவு நாடு முந்திக்கொண்டது. அன்றைக்கு அமைச்சர் தலையைக்கூடத் துவட்டவில்லையாம். உலக அமைதி மன்றத்தில் ஓர் இடத்துக்கு நம் நாடு போட்டி போட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

செயலாளர் சகலையைக் கூப்பிட்டு அனுப்பினார். எதையும் நேராகச் சொன்னால் ஜலதோஷம் பிடித்துவிடும் என்பதுபோலப் பேசுகிற மனிதர்.

“இனிமே கண்டனத்தை முன்கூட்டியே எழுதி வச்சிருந்தா உசிதமா இருக்கும்னு ஒரு கருத்து நிலவுது.”

“நடக்கிறதுக்கு முன்னாடி எப்படி சார் எழுதறது?”

“ஏன், நடக்கப்போறது உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். அதுதான் விசேஷம். ஓர் ஊருக்கு மாவு லாரி போவது நிற்கும். பிறகு அங்கிருக்கிற வெளிநாட்டுக்காரர்களைக் கிளம்பச் சொல்வார்கள். பிறகு லீவில் போன சிப்பாய்களைத் திரும்பக் கூப்பிடுவார்கள். தூதரகங்கள் இதையெல்லாம் ஒழுங்காக எழுதி அனுப்பிக்கொண்டுதான் இருந்தன. படித்துப் பார்த்தால் அடுத்தது எந்த ஊர் என்று பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். சகலை ஊர் ஊராக எழுதி அடுக்க ஆரம்பித்தார். நாளும் எண்ணிக்கையும் மட்டும் காலியாக இருக்கும். பிரிவில் அவற்றுக்கு ‘அரைவேக்காடு’ என்று பெயர். நடந்துவிட்ட செய்தி வந்ததும் காலியிடத்தை நிரப்பி இறக்கிவிட வேண்டியதுதான்.

கையால் ஒவ்வொன்றாக அனுப்புவதற்கும் நேரமாகிறது என்று ஓர் இயந்திரம் வாங்கினார்கள். ஒரே பொத்தான். அமுக்கினால் உலகத்துப் பத்திரிகைகள், தூதரகங்கள், அமைதி மன்றம் எல்லாவற்றுக்கும் கண்டனம் ஒரே மூச்சில் போய்விடும். வாங்கிய இயந்திரத்தை அமைச்சர் திறந்து வைக்காமல் எப்படி உபயோகிப்பது? விழாவுக்கு நாள் குறித்தார்கள். சுவரில் அமைச்சர் பெயரோடு ஒரு பளிங்குக் கல் பதித்தார்கள். விழாவின்போது இயந்திரத்துக்குள் எந்த வாசகத்தை வைப்பது என்று சகலை எழுதிக் கேட்டார். மேலே இருந்து பதில் வந்தது: ‘ஆவன செய்க.’

சகலை ஆவன செய்தார். அடுக்கில் மேலாக இருந்ததை எடுத்து உள்ளே வைத்தார்.

அமைச்சர் வந்தார். “எது பொத்தான்?”

“சிவப்பா இருக்கே சார், அதுதான்.”

“அமுக்கினா என்ன ஆகும்?”

“கண்டனம் போகும் சார்.”

“யாருக்கு?”

“எல்லாருக்கும் சார்.”

“நல்ல விஷயம்” என்று சொல்லி அமைச்சர் அமுக்கினார். எல்லாரும் கைதட்டினார்கள். டீயும் பிஸ்கட்டும் வந்தன. செயலாளர் பிஸ்கட்டை ஒரு கடி கடித்துக்கொண்டே, பேச்சுக்குக் கேட்பதுபோலக் கேட்டார்.

“உள்ளே என்ன வச்சிருந்தீங்க?”

“மேலாப்பல இருந்ததை சார். பாலத்து ஊர்.”

பாலத்து ஊர் என்பது பக்கத்து நாட்டில், ஆற்றுப் பாலத்தை ஒட்டி இருக்கிற ஊர்.

“அங்க எப்ப நடந்தது?”

“இன்னும் நடக்கல சார்.”

செயலாளர் பாதி கடித்த பிஸ்கட்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். உத்தியோக வாழ்க்கையில் அவர் காட்டிய மிகக் கடுமையான எதிர்ப்பு அதுதான் என்று சகலை இன்றைக்கும் சொல்வார்.

நிறுத்துவதற்குள் காரியம் கை மீறிப்போயிருந்தது. எண்ணிக்கை இல்லாத இடத்தில் இயந்திரம் தானாகவே ‘எண்ணற்ற’ என்று போட்டுக்கொண்டிருந்தது. நாள் இல்லாத இடத்தில் ‘இன்று’. நம்மிடம் முதலிடத்தைக் கோட்டைவிட்ட மற்ற நாடுகள் அடுத்த இடத்துக்காவது வந்துவிட வேண்டுமென்று அடித்துப் பிடித்துக் கண்டித்தன. பின்தங்கியவர்கள் அதை ஈடுகட்டக் கூடுதல் வன்மையோடு கண்டித்தார்கள். ஒரு பெரிய நாடு கொடியைப் பாதி இறக்கியது. இன்னொன்று குற்றவாளிகளை விசாரிக்கத் தனி நீதிமன்றம் வேண்டும் என்றது. அந்த நீதிமன்றத்துக்கு யார் தலைவர் என்பதில் மூன்றாவது ஒரு நாடு கோபித்துக்கொண்டு வெளிநடப்புச் செய்தது. யாரும் அந்த ஊருக்கு ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை. கேட்டால் தாமதமாகிவிடும் அல்லவா?

அமைதி மன்றம் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தியது. பாலத்து ஊரில் ஒரு ரொட்டிக் கடைக்காரர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, யாரோ பாவம் என்று தானும் எழுந்து நின்றாராம். ஊர்ப் பெயரைச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாராம்.

மறுநாள் காலையில் பக்கத்து நாட்டுத் தூதர் வந்தார். மூக்கு சிவந்திருந்தது.

“இது என்ன நியாயம் சார்? எங்க தளபதி நாளைக்குத்தானே வச்சிருந்தார்.”

செயலாளர் நாற்காலியைக் காட்டினார். “உட்காருங்க. எங்க பக்கம் ஒரு சின்ன அவசரம் நேர்ந்திருக்கலாம்னு ஒரு எண்ணம் இருக்கு.”

“நடந்ததுக்கப்புறம் நீங்க கண்டிச்சா நாங்க என்னைக்காவது ஆட்சேபிச்சிருக்கோமா? தாராளமா கண்டிங்க. வன்மையா கண்டிங்க. நடக்காததைக் கண்டிச்சா அது எங்க உள்நாட்டு விவகாரத்துல தலையிடறது. இப்ப தளபதி இறங்கினா, செத்தவங்களை மறுபடியும் கொன்னதா உலகம் சிரிக்கும். இறங்கலைன்னா உங்களுக்குப் பயந்த மாதிரி ஆயிடும். மனுஷன் ராத்திரி சாப்பிடலை.”

“இதுல நாங்க என்ன செய்யலாம்?”

“வாபஸ் வாங்குங்க. நாளைக்கே வாங்குங்க. மன்றத் தேர்தல்ல எங்க ஓட்டு உங்களுக்குத்தான்.”

“வாங்கினா?”

“தளபதி நிம்மதியா வேலையைப் பாப்பார். நீங்க அப்புறமா, முறைப்படி, இன்னொரு தடவை கண்டிச்சுக்கலாம்.”

தூதர் போனதும் செயலாளர் சகலையைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். கண்டனம் பிரிவு அலுவலரின் கவனக்குறைவால் வெளியானது, எனவே திரும்பப் பெறப்படுகிறது என்று இருந்தது. கீழே சகலையின் கையெழுத்துக்கு இடம்.

“நாளைக்குக் காலையில கையெழுத்தாகியிருந்தா சிலாக்கியம்.”

“பொத்தானை அமுக்கினது அமைச்சர் சார்.”

“அமைச்சர் அமுக்கினது திறப்பு விழா. அனுப்பினது நீங்க. கையெழுத்துப் போட்டா உங்க வெளிநாட்டு மாற்றல் அப்படியே இருக்கும். போடலைன்னா விசாரணை. அதோட முடிவு எப்படி இருக்கும்னு நான் யூகிக்க விரும்பல.”

வெளிநாட்டு மாற்றல் என்றால் லேசுப்பட்டதில்லை. பனி விழுகிற ஒரு பெரிய தலைநகரத்துக்குச் சகலையின் பெயர் முடிவாகியிருந்தது. அவர் மனைவி, அதாவது என் மனைவியின் அக்கா, கம்பளிக் கோட்டே தைத்து வைத்துவிட்டார்.

சகலை காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஆபீஸ் கலைகிற நேரத்தில் தொலைபேசி அடித்தது.

“ஐயா, கண்டனம் எழுதறவரா?”

“ஆமா. நீங்க யாரு?”

“நான் பாலத்து ஊர்ல ரொட்டிக் கடை வச்சிருக்கேன். முன்னாடி உங்க ஊர்த் துறைமுகத்துல வேலை பாத்தவன், அதான் உங்க பாஷை வருது. ஒண்ணுமில்ல, நாங்கள்லாம் செத்துட்டோம்னு எழுதினது நீங்களா?”

“ஒரு சின்னத் தவறு நடந்துபோச்சு. திருத்திடறோம்.”

“ஐயையோ, திருத்திடாதீங்க. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

சகலைக்கு ஒன்றும் புரியவில்லை.

“ஊருக்கு மேல மேட்டுல லாரி லாரியா சிப்பாய்ங்க வந்து நிக்கறாங்க. இறங்கவும் இல்ல, போகவும் இல்ல. ஒருத்தன் கீழ வந்து ரொட்டி வாங்கினான். என்னப்பா விஷயம்னு கேட்டேன். உங்க ஆபீஸ்ல இருந்து வாபஸ் வருதான்னு பாத்துக்கிட்டு இருக்காங்களாம். வந்தா இறங்கறதாம். காசுகூட குடுத்துட்டுப் போனான், பாவம்.”

“சரி.”

“என் பொண்ணுக்கு இது நிறைமாசம். பொறக்கற வரைக்குமாவது நாங்க செத்தவங்களாவே இருந்துட்டுப் போறோம். உங்களுக்கு அதுல சிரமம் ஒண்ணும் இல்லையே?”

சிரமம் இல்லை என்று சொல்லிவிட்டுச் சகலை வீட்டுக்கு வந்தார். கண்ணாடி முன்னால் அவர் மனைவி கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

“தோள்ல தூக்கிக்கிட்டு நிக்குதா பாருங்க.”

“நிக்கல. ஒரு காகிதத்துல கையெழுத்துப் போடச் சொல்றாங்க.”

“போட்டுட்டு வர வேண்டியதுதானே. உங்க கையெழுத்துல என்ன முத்தா உதிருது?”

“போட்டா ஊர் போயிடும்.”

“போடலைன்னா?”

“வேலை போயிடும்.”

முழுக் கதையையும் சொன்னார். மனைவி கோட்டைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். ரொட்டிக் கடைக்காரர் பெண்ணுக்கு எத்தனையாவது பிரசவம் என்று விசாரித்தார். அது தெரியாது என்றதும், அதைக்கூடக் கேட்காமல் என்ன போன் பேசுகிறீர்கள் என்று கடிந்துகொண்டார். பிறகு கேட்டார்.

“நம்ம குளியலறைக் குழாய் ஒழுகுதுன்னு உங்க ஆபீஸ்ல எழுதிக் குடுத்தோமே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“எத்தனை பேர் வந்து பாத்தாங்க? ஒழுகுதுன்னு ஒருத்தன் எழுதினான். ஒழுகறது குழாயா சுவரான்னு ஒருத்தன் கேட்டான். குழாய்னா எந்தப் பிரிவு, சுவர்னா எந்தப் பிரிவுன்னு ஒரு கூட்டம் போட்டாங்க. கடைசியில குழாயே வெறுத்துப்போய் நின்னுடுச்சு. ஒரு குழாயை மாத்த அவ்வளவு யோசிக்கிற ஆபீஸு, ஒரு ஊர் விஷயத்துல மட்டும் எதுக்கு ஒரே நாள்ல முடிக்கணும்? நீங்க போடவும் வேணாம், போடாம இருக்கவும் வேணாம்.”

சகலை மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். இவ்வளவு காலம் கூட வாழ்ந்தும் தன் உத்தியோகத்தின் உட்பொருள் அவளுக்குப் புரிந்த அளவு தனக்குப் புரியவில்லையே என்று தோன்றியதாம்.

மறுநாள் சகலை கையெழுத்துப் போடாமல், அதற்கு விட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். ‘திரும்பப் பெறுவதில் பிரிவுக்கு ஆட்சேபணை இல்லை. எனினும்.’ அந்த ‘எனினும்’ என்ற ஒரு சொல்லுக்காக அவருக்குச் சிலை வைக்கலாம். எனினும், வெளியிட்ட கண்டனத்தைத் திரும்பப் பெற்ற முன்மாதிரி நம் நாட்டில் இல்லை. எனினும், நடந்ததாக அரசு சொன்ன ஒன்று நடக்கவில்லை என்று அரசே சொல்வதானால் அதற்குத் தக்க சான்று தேவைப்படலாம். எனினும், இதில் சட்டப் பிரிவின் கருத்தைக் கேட்டறிவது நலம்.

சட்டப் பிரிவில் நெடுங்காலமாக யாரும் யாருடைய கருத்தையும் கேட்டதில்லை. அவர்கள் ஆவலோடு பாய்ந்தார்கள். சான்று கண்டிப்பாக வேண்டும் என்றார்கள்.

தூதர் மறுபடியும் ஓடி வந்தார். “நடக்கலைன்னு நான் சொல்றேனே, போதாதா?”

சட்டப் பிரிவுக்காரர் மரியாதையாகச் சொன்னார். “நடந்தப்பவும் நீங்க அதைத்தானே சார் சொல்லுவீங்க? ரெண்டுக்கும் எங்களுக்கு வித்தியாசம் தெரிய வேண்டாமா?”

“பின்னே என்னதான் வேணும்?”

“ஊர்ல இருக்கிற ஒவ்வொருத்தரும் உயிரோட இருக்காங்கன்னு உங்க தளபதி சான்று தரணும். போட்டோவோட. ஆளுக்கு ஒண்ணு.”

தூதர் தலையில் கை வைத்தார். ஆனால் வேறு வழியில்லை. உலகமே கண்டித்த ஒரு காரியத்தைத் தாங்கள் செய்யவில்லை என்று நிரூபித்தாக வேண்டும், அப்போதுதான் அதைச் செய்ய முடியும். அதில் ஏதோ ஒன்று இடிக்கிறது என்று தூதருக்குப் பட்டது. அதை யோசிக்கிற அதிகாரம் அவருக்குக் கிடையாது.

இப்படியாக, மேட்டில் நின்ற சிப்பாய்கள் ஊருக்குள் இறங்கினார்கள். துப்பாக்கியை லாரியில் போட்டுவிட்டுக் கேமராவோடு இறங்கினார்கள். வீடு வீடாகப் போய் ஆட்களை வெளிச்சத்தில் உட்காரவைத்து, தலையை வாரிவிட்டு, கொஞ்சம் சிரிங்க என்று கெஞ்சிப் படம் எடுத்தார்கள். சிரிக்காதவர்களின் படத்தை நம் சட்டப் பிரிவு திருப்பி அனுப்பியது, உயிரோடு இருப்பது தெளிவாகத் தெரியவில்லை என்று. ஒரு கிழவருக்கு இருமல் வந்தபோது ராணுவ மருத்துவர்கள் படையாகத் திரண்டு வந்தார்கள். சான்று போய்ச் சேரும்வரை ஊரில் யாரும் சாகக்கூடாது என்பது தளபதியின் உத்தரவு. நடுவில் ரொட்டிக் கடைக்காரரின் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. எண்ணிக்கை மாறிவிட்டதால் எல்லாச் சான்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும் என்று சட்டப் பிரிவு சொல்லிவிட்டது. தளபதி அழுதார் என்று சொல்வார்கள்.

கடைசியில் ஊரில் ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை இருந்தது. ‘இவர் உயிருடன் இருக்கிறார்’ என்று தளபதி கையெழுத்து, அமைதி மன்றத்தின் முத்திரை. அப்படி ஓர் அட்டை கொடுத்த பிறகு ஓர் ஆளைக் கொல்வது தன் கையெழுத்தைத் தானே பொய்யாக்குவது. எந்த அதிகாரியும் அதை மட்டும் செய்ய மாட்டான். அந்த நாட்டிலேயே சாவுக்கு அஞ்சாமல் நடமாடக்கூடிய ஒரே ஊர் அது ஆகிவிட்டது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அங்கே வாடகைக்கு வீடு தேடினார்கள். ரொட்டிக் கடைக்காரர் கடையை இரண்டு மடங்கு பெரிதாக்கினார்.

நம் நாடு கண்டனத்தை மனமார்ந்த மகிழ்ச்சியோடு திரும்பப் பெற்றது. இறந்தவர்களை ராஜதந்திரத்தால் எழுப்பிய முதல் நாடு என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. அமைதி மன்றத்தில் இடம் கிடைத்தது. பக்கத்து நாடும் சொன்ன சொல் தவறாமல் நமக்கே ஓட்டுப் போட்டது.

மேட்டில் நின்ற லாரிகள்? அவற்றைச் சும்மா நிறுத்தி வைக்க முடியாதல்லவா. எண்ணெய் ஊற்றி, ஆள் சேர்த்து, எல்லாம் ஆகிவிட்டது. அவை கிழக்கே ஒரு சந்தை ஊருக்குப் போயின. அங்கே நடந்தது நடந்தது. இந்தத் தடவை நம் கண்டனம் எந்தத் தவறும் இல்லாமல், சரியான எண்ணிக்கையோடு, உலகத்திலேயே முதலாவதாக வெளிவந்தது. தீவு நாட்டுக்காரர்கள் வாயடைத்துப்போனார்கள். பாலத்து ஊரில் ஏற்பட்டதுபோன்ற அவமானம் இனி நேராதபடி, சம்பவம் முழுமையாக நிறைவடைந்த பிறகே பொத்தானை அமுக்க வேண்டும் என்று ஒரு விதி வந்திருந்தது. அதை எழுதியவர் சகலை. அந்த விதிக்காகத்தான் அவருக்குப் பதவி உயர்வும், பனி விழுகிற தலைநகரமும் கிடைத்தன. வழியனுப்பு விருந்தில் நாங்களெல்லாம் கேக் சாப்பிட்டோம். சந்தை ஊர்க் கண்டனத்தை யாரோ பத்திரிகையிலிருந்து வாசித்துக் காட்டினார்கள். என்ன நடை, என்ன உருக்கம் என்று நானும் சொன்னேன். விமான நிலையத்துக்குப் போய்க் கையும் அசைத்தேன்.

போன மாதம் சகலை இதை மறுபடியும் சொன்னார். கிழவரின் இருமல் வந்த இடத்தில் வழக்கம்போலத் தானே சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோது, இந்தக் கதையை நான் முழுக்க நம்புகிறேன் என்பது எனக்கே தெரிந்தது. இத்தனை வருஷமாக என் சந்தேகம் தப்பான ஊரின் மேல் இருந்திருக்கிறது. காப்பாற்றப்பட்ட ஊரைப் பற்றித்தான் நிஜமா நிஜமா என்று துருவியிருக்கிறேன். இன்னொன்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

“சகலை, சந்தை ஊருக்கும் முன்னாடியே எழுதி வச்சிருந்தீங்களா?”

“பின்னே? லாரி மேட்டை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே ரெடி” என்றார் அவர், பெருமையாக. “இல்லைன்னா முதல்ல வந்திருக்க முடியுமா?”

“அப்ப ஏன் சகலை, முன்னாடியே அனுப்பலை?”